ஸ்பேனர் வராத நாட்கள்

ஜூலை 14, திங்கள்

இன்று காலையிலும் அம்மா அவளுக்குத்தான் தலை பின்னிவிட்டாள்.

வேறு எதையும் எழுதுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று பகலெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ஜவ்வரிசி தயாரிக்கிற சேகோ ஆலைக்கு நைட் ஷிப்ட் போய்விட்டார். அம்மா தூங்குகிறாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் கணக்கு போடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம், மேல் அட்டையில் கணிதம் என்றுதான் எழுதியிருக்கிறது. உள்ளே இருப்பதைப் பார்த்தாளென்றால் தொலைந்தேன்.

அம்மா பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டுகிறாள். ஏழு பேர் உட்காருகிற டீசல் வண்டி. அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி சேலத்தைப் பாதி சுற்றி, ஐந்து பிள்ளைகளை ஏற்றி ஒரு மெட்ரிக் பள்ளியில் இறக்குவாள். கடைசியாக என்னை. என்னுடையது இரண்டு தெரு தள்ளி இருக்கிற பெண்கள் மேல்நிலைப் பள்ளி. நான் பத்தாம் வகுப்பு.

வண்டி வாங்கிய நாளிலிருந்து முன் சீட் என்னுடையது. ஜூன் மாதம் ஷர்மதா வந்தாள். எட்டாம் வகுப்பு. முதல் நாளே ஐந்து ரோடு பாலத்தில் ஏறும்போது பின் சீட்டில் வாந்தி எடுத்தாள். அம்மா வண்டியை ஓரம் கட்டி, துடைத்து, தண்ணீர் கொடுத்து, "பாப்பா, நீங்க முன்னாடி வந்துருங்க. காத்து வாங்கிட்டு வந்தா சரியாப் போயிடும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னடி பாக்குற, பின்னாடி போ."

அவ்வளவுதான். ஒரு வாந்தியில் சீட் போய்விட்டது.

திங்கள் முதல் புதன்வரை ஸ்வர்ணபுரியில் ஏறுகிறாள், அங்கே அவள் அப்பா இருக்கிறார். வியாழன், வெள்ளி கன்னங்குறிச்சியில், அங்கே அவள் அம்மா. அவளுக்காக மட்டும் வண்டி அவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறது. புதன்கிழமைகளில் ஸ்கூல் பையோடு துணிப்பையும் கொண்டுவருகிறாள். ஸ்வர்ணபுரி நாட்களில் தலை விரித்தபடி, ரப்பர் பேண்டைக் கையில் மாட்டிக்கொண்டு ஏறுவாள். அடுத்து ஏறுகிற பையன் எப்போதும் லேட், அவன் வாசலில் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அம்மா அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி இரட்டைப் பின்னல் போட்டுவிடுகிறாள்.

நான் நான்காம் வகுப்பிலிருந்து நானே பின்னிக்கொள்கிறேன். இப்போதும் வகிடு கோணலாகத்தான் வருகிறது.

அவளுக்கு எல்லாமே 'ங்க'. தண்ணி குடிச்சீங்களா பாப்பா, பெல்ட் போட்டுக்கங்க பாப்பா. எனக்கு, "ஏய் எருமை, கதவ அடிச்சுச் சாத்தாதன்னு எத்தன தடவ சொல்றது." பதினைந்து வருஷத்தில் எனக்கு ஒரு 'ங்க' கிடைத்ததில்லை.

அவள் என்னை 'கோபிகாக்கா' என்று கூப்பிடுகிறாள். காக்கா என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

வண்டியில் எனக்கு மிச்சம் இருக்கிற ஒரே அதிகாரம், டேஷ்போர்டு நடுவில் இருக்கிற திரை. காலையில் அம்மா டிபன் பாக்ஸ் கட்டும்போது நான் போய் வண்டியை ஸ்டார்ட் செய்வேன். திரையில் இங்கிலீஷில் என்ன வருகிறதோ அதைப் படித்து அம்மாவிடம் சொல்வேன். கதவு சரியாக மூடவில்லை, டயரில் காற்று குறைவு, இப்படி.

பழைய வண்டியில் இதெல்லாம் கிடையாது. சாதிக் பாய் ஆயில் மாற்றியதும் முன் கண்ணாடி மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். அடுத்த சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில் என்று அதில் பேனாவால் எழுதியிருக்கும். வெயிலில் மை வெளுத்து, கடைசியில் அம்மா குத்துமதிப்பாகப் போவாள். இந்த வண்டி தானே சொல்லும். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. நெருங்கியதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்பேனர் படம் வரும். இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது உள்ளே ஒரு பக்கத்தில் இருக்கிறது. அம்மா அங்கெல்லாம் போகமாட்டாள். "ஸ்பேனர் வந்தா சொல்லு" என்பதோடு சரி.

சாதிக் பாய் ஆயில், பில்டர் எல்லாம் மாற்றிவிட்டுத் திரையைத் தொடமாட்டார். கை எண்ணெயாக இருக்கும். "ஸ்கிரீன் சமாச்சாரம் நம்ம கோபி பாத்துக்கும்" என்பார். நான் உள்ளே போய் ரீசெட் கொடுப்பேன். மறுபடி பத்தாயிரத்திலிருந்து குறைய ஆரம்பிக்கும்.

சர்வீஸ் நாள் ஒரு சனிக்கிழமையாக இருக்கும். அம்மாவும் நானும் மட்டும். லீ பஜார் பக்கம் சாதிக் பாய் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு எதிரே மர பெஞ்சில் உட்காருவோம். சாயங்காலம் தட்டுவடை செட் வாங்கிக் கொடுப்பாள், இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காயும் பூண்டுச் சட்னியும் வைத்து, காரம் தூக்கலாக. ஓட்டும்போது அம்மா ரோட்டைத்தான் பார்ப்பாள். நான் எதைச் சொன்னாலும் "ம்" என்பாள். அந்த பெஞ்சில்தான் என் பக்கம் திரும்பிப் பேசுவாள். டிரைவிங் கற்றுக்கொண்டபோது பால்காரர் சைக்கிளை இடித்தது, பால் கேன் கவிழ்ந்ததும் அவர் அம்மாவைத் திட்டாமல் அப்பாவைத் திட்டியது, அதெல்லாம் அங்கே கேட்டதுதான்.

இன்று பார்த்தேன். இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். மாதக் கடைசிக்குள் ஸ்பேனர் வந்துவிடும்.

ஜூலை 20, ஞாயிறு

ஷர்மதாவுக்குத் தட்டுவடை செட் பிடிக்காதாம். பூண்டு வாசனையாம். நல்லது.

ஜூலை 25, வெள்ளி

அம்மா என்னிடம் கேட்கவில்லை. சொன்னாள். தோசை திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"ஸ்பேனர் இந்த வாரம் வந்துரும்ல, அடுத்த சனிக்கெழம ஷர்மதா பாப்பாவும் நம்மகூட வருது."

"எங்க?"

"சர்வீஸுக்குத்தான். அவங்கப்பா அன்னிக்கு ஊர்ல இல்லையாம், அம்மாவுக்கு டியூட்டியாம். பாப்பாவ யாருகிட்ட விடறதுன்னு ரெண்டு பேரும் போன்ல சண்ட. எங்கிட்ட விடுங்கன்னுட்டேன்."

"அது நம்ம நாளு."

"நம்ம நாளு என்னடி நம்ம நாளு, வண்டிக்கு ஆயில் மாத்துற நாளு." சிரித்துவிட்டாள். "சின்னப் புள்ளயாட்டம் மூஞ்சியத் தூக்கிக்காத. நீதான் பாத்துக்கணும் அத."

தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். அந்த பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். அம்மா நடுவில் உட்காருவாள். அவள் பக்கம்தான் திரும்புவாள். எனக்கு நன்றாகத் தெரியும்.

ஜூலை 28, திங்கள்

கையெழுத்து கோணலாக இருக்கிறது. பரவாயில்லை.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஸ்பேனர் வந்தது. ஆரஞ்சு நிறம். அம்மா உள்ளே அப்பாவுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரும் சனிக்கிழமைதான் ஷர்மதாவின் அப்பா ஊரில் இல்லாத நாள். அதற்கு அடுத்த சனிக்கிழமை அவள் கன்னங்குறிச்சியில் அவள் அம்மாவோடு இருப்பாள்.

ஒரு வாரம் தள்ளினால் போதும்.

உள்ளே போனேன். ரீசெட் செய்யட்டுமா என்று கேட்டது. கொடுத்தேன். ஸ்பேனர் போய்விட்டது.

நான் யோசிக்காமல் செய்யவில்லை. உள்ளே இருப்பது பழைய ஆயில்தானே. நாலைந்து நாளில் வண்டி அதைக் கண்டுபிடித்துவிடும், ஸ்பேனர் திரும்ப வரும். அதற்குள் சனிக்கிழமை போய்விடும்.

"ஸ்பேனர் வந்துச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"வரல."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. அம்மா சித்ரான்னம் செய்தாள். நேற்று ஷர்மதாவை அவள் அத்தை வீட்டில் விட்டார்களாம். ஸ்பேனர் வராததால் அம்மா அவள் அப்பாவுக்குப் போன் செய்து, "இந்த வாரம் சர்வீஸ் இல்லீங்க, ஆனாலும் பாப்பா வேணும்னா எங்க வீட்டுக்கு வரட்டும்" என்றுகூடச் சொன்னாள். நல்லவேளை, அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

திட்டம் பலித்துவிட்டது. ஆனால் ஸ்பேனர் திரும்பி வரவில்லை. தினமும் பார்க்கிறேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று காட்டுகிறது.

ஆகஸ்ட் 9, சனி

வண்டியோடு வந்த கையேடு டேஷ்போர்டு பெட்டியில் இருந்தது. எடுத்துக்கொண்டு பாத்ரூமில் உட்கார்ந்து படித்தேன்.

வண்டி ஆயிலைப் பார்ப்பதே இல்லை. எண்ணுகிறது, அவ்வளவுதான். எங்கள் வண்டியில் ஸ்பேனர் என்பது ஓடிய தூரமும் போன நாளும். யாராவது ரீசெட் கொடுத்தால், ஆயில் மாற்றிவிட்டார்கள் என்று நம்பிவிடுகிறது. நான் சொன்னதை நம்பிவிட்டது. இனி பத்தாயிரம் ஓடி முடியும்வரை வாயைத் திறக்காது. பழைய கணக்குக்குத் திரும்பிப் போக வழி இல்லை. எல்லாப் பக்கமும் தேடிவிட்டேன்.

இன்னொன்றும் போட்டிருந்தது. கொஞ்ச தூரம் ஓடி நிற்பது, இன்ஜினை அணைக்காமல் காத்திருப்பது, தூசி, நெரிசல். இப்படி ஓடுகிற வண்டிகளுக்குப் பத்தாயிரம்வரை காத்திருக்கக் கூடாதாம், முன்னதாகவே மாற்ற வேண்டுமாம். பள்ளிக்கூட டிரிப்பை நேரில் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

எண்ணெய்க் கிண்ணி மாதிரி ஒரு சிவப்பு விளக்கு தனியாக இருக்கிறது. அது எண்ணுவது இல்லை. ஆயிலின் அழுத்தம் நிஜமாகவே குறைந்தால்தான் எரியும். எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்து என்று தடித்த எழுத்தில் இருந்தது.

அம்மாவிடம் சொல்லிவிடலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது? நீ அவளுக்குத் தலை பின்னுகிறாய் என்றா?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

"ஸ்பேனர் வந்துச்சா?"

"வரல."

ஆகஸ்ட் 22, வெள்ளி

வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வருகிறது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. அம்மாவும் கேட்டாள். "ஆயில் மாத்துற காலம் ஆச்சோ என்னமோ. போன வருஷம் ஆவணியிலதான மாத்துனோம்?"

"அது தீபாவளி பக்கம்மா."

இவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது எனக்கு.

இன்று வண்டி பாலம் ஏறும்போதெல்லாம் சிவப்பு விளக்கு வந்துவிடுமோ என்று பின் சீட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். முன் சீட்டில் ஷர்மதா. அவளுடைய இரண்டு பின்னலும் என் கண்ணை மறைத்தன. ஒருவிதத்தில் எல்லாம் இவளால்தான். இவள் வராமல் இருந்திருந்தால் இந்நேரம் புது ஆயிலில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

அம்மா அவளிடம், "பாட்டு மாத்திக்கங்க பாப்பா, உங்களுக்குப் புடிச்சதா" என்றாள். அவள் என் திரையைத் தொட்டாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வந்துவிட்டது.

சாயங்கால டிரிப். மற்ற பிள்ளைகளை இறக்கியாகிவிட்டது. ஷர்மதாவும் நானும் மட்டும்தான். ஐந்து ரோடு பாலத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு மணிச் சத்தமும் கேட்டது. அம்மா, "என்னடி இது?" என்றாள். நான் எழுந்து நின்று கத்தினேன். "நிறுத்தும்மா. இன்ஜின ஆஃப் பண்ணு."

"பாலத்து மேல எப்படிடி நிறுத்தறது?"

பின்னால் பஸ் ஹாரன் அடித்தபடி வந்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கத்தில் வண்டியை உருளவிட்டு, கீழே ஒரு டயர் கடை ஓரத்தில் நிறுத்தினாள். அவள் கை ஸ்டீயரிங்கைவிட்டு வர மறுத்தது. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

சாதிக் பாய் பைக்கில் ஆயில் கேனோடு வந்தார். பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவினார். நுனியில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது, தார் மாதிரி.

"எப்ப மாத்துனோம் பூங்கொடிம்மா இத?"

"ஸ்பேனரே வரலயே பாய்."

அவர் என்னைத் திரையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். குனிந்து பார்த்தவர் தாடியைச் சொறிந்துகொண்டார். "எட்டாயிரத்துக்கு மேல மிச்சம்ங்குது. ஆயிலு செத்துப்போய்க் கெடக்கு. அடியில வேற கசிஞ்சிருக்கு, சர்வீஸுக்கு விட்டிருந்தா அப்பவே பாத்திருப்பேன். யாரோ ரீசெட் குடுத்திருக்காங்கம்மா."

"தானா ஆயிருக்குமா?"

"தானா ஆகாது. கைய வச்சாத்தான்."

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டத் தயாரான பார்வை.

"நான் பின்னாடி உக்காந்திருக்கேன்" என்றேன். "முன்னாடி உக்காந்து அதை நோண்டிக்கிட்டு வர்றது யாருன்னு பாத்துக்க."

ஷர்மதா நடைபாதையில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவை.

"நான்தான் ஆன்ட்டி. பாட்டு மாத்தும்போது என்னமோ கேட்டுச்சு. ஓகே குடுத்துட்டேன்."

அவள் கொடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அம்மாவின் முகத்துக்கு நேராக நிமிர்ந்து நின்றாள். ஊசி போட்டுக்கொள்ள நிற்கிற மாதிரி.

அம்மா மூச்சை இழுத்துவிட்டாள். "பரவால்ல பாப்பா. தெரியாமத்தான பண்ணீங்க. விடுங்க."

ஷர்மதாவின் முகம் விழுந்துவிட்டது. ஏன் என்று புரியவில்லை. நான்தான் என்று சொல்லியிருந்தால் அம்மா போடுகிற சத்தத்தில் தெருவே கூடியிருக்கும். அவளுக்கு ஒரு வார்த்தைகூட விழவில்லை. அதிலும் அவள்தான் கொடுத்து வைத்தவள்.

செப்டம்பர் 5, வெள்ளி

இரண்டு நாள் அம்மா பிள்ளைகளை ஆட்டோவில் அனுப்பினாள். நேற்று சாயங்காலம் வண்டி வந்தது. இன்ஜின் தப்பித்துவிட்டது, ஆனால் இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருந்தால் மொத்தமும் பிரித்திருக்க வேண்டும் என்று சாதிக் பாய் சொன்னாராம். அந்த டிக் டிக் முழுசாகப் போகாதாம்.

வண்டியை எடுக்க அம்மா தனியாகப் போய் வந்தாள். ஆயில் மாற்றிய நாளில் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பெஞ்சும் இல்லை, ஒன்றும் இல்லை.

"நீ முன்னாடி வாடி. அந்தப் பொண்ணு பின்னாடி உக்காரட்டும்" என்றாள் அம்மா இன்று காலையில்.

உட்கார்ந்தேன். கன்னங்குறிச்சியில் ஷர்மதா ஏறினாள். முன் கதவைத் திறக்கப் போய், என்னைப் பார்த்து, கையை எடுத்துக்கொண்டாள். பின்னால் பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்தபடி வந்தாள். சத்தமே வராமல் வாந்தி எடுக்க அவளுக்குத் தெரிகிறது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

ஸ்வர்ணபுரி வீட்டு வாசலில் அவள் அப்பா நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் கார் சாவி. ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"செலவு என்ன ஆச்சோ சொல்லுங்க மேடம், நான் குடுத்துடறேன்."

"அதெல்லாம் வேணாங்க. சின்னப் புள்ள."

"இல்லங்க. அவ மேல தப்பில்ல, அவங்கம்மா வளப்பு அப்படி. சொன்னா கேக்கறதில்ல, அங்க அப்படியே விட்டாச்சு. இன்னிக்கு நானே கொண்டு விட்டுடறேன், நாளைலேர்ந்து ஸ்கூல் பஸ்ல போகட்டும். உங்களுக்கும் தொந்தரவு வேணாம்."

ஷர்மதா அவர் பக்கத்தில் தலை விரித்தபடி நின்றாள். அவர் அவள் தோளைத் தட்டி, "ஓகேதானடா?" என்றார். அவள் ஓகே என்றாள்.

அம்மா வண்டியை எடுத்தாள். போகும் வழியில், "சூரமங்கலத்துப் பையன் ஒருத்தன் ரொம்ப நாளா எடம் கேக்குறான். அடுத்த திங்கள்லேர்ந்து வரச் சொல்லிடலாம்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

முன் சீட், ஜன்னல், திரை. எல்லாம் வந்துவிட்டது. அம்மா இன்றும் ரோட்டைத்தான் பார்த்தாள்.

செப்டம்பர் 10, புதன்

ஸ்வர்ணபுரி முனையில் ஷர்மதா பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். புதன்கிழமை என்பதால் துணிப்பையும் இருந்தது. பின்னிக்கொள்ளப் பார்த்திருக்கிறாள். ஒரு பக்கம் காதுக்கு மேலே, ஒரு பக்கம் கழுத்துக்குக் கீழே.

அம்மா வண்டியை மெதுவாக்கினாள். ஷர்மதா எங்கள் வண்டியைப் பார்த்ததும் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். சுவரில் ஒன்றும் இல்லை. வெறும் சுவர்.

"வகிடு எப்படி எடுத்திருக்கு பாரு" என்றாள் அம்மா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. வண்டியைவிட்டுப் போன பிறகும் அம்மா அவள் தலையைத்தான் பார்க்கிறாள். என் வகிட்டை ஒரு நாள் பார்த்திருப்பாளா? அந்தக் கோபத்தில்தான் வாயைத் திறந்தேன். நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று எழுதினால் அது பொய்.

"அவ ஒண்ணும் அமுக்கல. நான்தான் அமுக்குனேன்."

அம்மா பிரேக் போடவில்லை. "என்னத்த?"

"ஸ்பேனர. ஆடி மாசமே வந்துச்சு. அவ நம்மகூட வரக் கூடாதுன்னு அமுக்கிட்டேன்."

பின்னால் பிள்ளைகள் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா ஓட்டிக்கொண்டே போனாள். அவர்களை இறக்கினாள். ஒவ்வொருவருக்கும் "பாத்துப் போங்க" சொன்னாள். பிறகு என் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போய், ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி, என் முதுகில் ஒன்று வைத்தாள். அடுத்து ஆரம்பித்தாள்.

"எத்தன உசுருடி பின்னாடி உக்காந்து வருது, எருமை. பாலத்து மேல இன்ஜின் நின்னு பின்னாடி வந்த பஸ்ஸுக்காரன் ஏத்தியிருந்தா அந்தப் பெத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? இந்த வண்டி போச்சுன்னா உங்கப்பன் ரெண்டு ஷிப்டு பாப்பானா? தெனம் கேட்டேனேடி, வந்துச்சா வந்துச்சான்னு. தெனம் வாய்கூசாம வரலன்ன. அந்தப் புள்ள தலையில பழியப் போட்டுட்டு மகாராணியாட்டம் முன்னாடி உக்காந்து வந்திருக்க. திங்கிற சோறு எப்படிடி இறங்குச்சு?"

இன்னும் இருந்தது. அரை மணி நேரம் திட்டினாள். முதல் பீரியடு போய்விட்டது. அவ்வளவு நேரமும் முழுசாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் 13, சனி

அம்மா என்னைக் கன்னங்குறிச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அபார்ட்மென்டில் இரண்டாவது மாடி. ஷர்மதாவின் அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார், கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது. அவருக்கு எதுவுமே தெரியவில்லை. ரீசெட் தெரியாது, பஸ் மாற்றியது தெரியாது. காலையில் ஷர்மதா கிளம்புவதற்கு முன்பே அவர் டியூட்டிக்குப் போய்விடுவாராம். "அவ அப்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே" என்றார். "இவளும் வாயத் தொறக்கல."

"சொல்லுடி" என்றாள் அம்மா.

சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். ஷர்மதாவின் அம்மா, "சரிம்மா, பரவால்ல" என்றார். அந்த வீட்டில் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. பெரியவர்கள் இருவரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

மாடிப்படியில் உட்கார்ந்தோம். அவள் கைப்பிடிக் கம்பியில் பெயிண்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீதான்னு எனக்குத் தெரியும் கோபிகாக்கா."

"எப்படி?"

"நான் இல்லல்ல. அப்ப நீதான."

"அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்ட?"

இன்னும் கொஞ்சம் பெயிண்டை உரித்தாள். நான் எழுந்துவிடலாமா என்று யோசித்தபோது சொன்னாள்.

"எங்க வீட்ல என்னைய யாரும் திட்ட மாட்டாங்க. அப்பா அம்மாவத் திட்டுவாரு. அம்மா அப்பாவத் திட்டும். எங்கிட்ட மட்டும் ரெண்டு பேரும், பரவால்லடா, ஓகேடா. நான் ஒரு தடவ டிவிய ஒடைச்சேன், அப்பகூட." உரித்த பெயிண்டை ஊதிவிட்டாள். "உங்கம்மா உன்னத் திட்டுவாங்கல்ல, எருமைன்னு, கதவ அடிக்காதன்னு. அது மாதிரி எனக்கும் ஒண்ணு விழும்னு நெனச்சேன். அவங்களும் பரவால்ல பாப்பான்னுட்டாங்க."

நான் அவளைப் பார்த்தேன். ஜூன் மாதத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்த பின்னலை இவள் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தாள், என் எருமையை என்னவென்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று யோசித்தேன். பாவமாகத்தான் இருந்தது. அதைவிடக் கொஞ்சம் அதிகமாக, இவள் இதற்கும் ஆசைப்பட்டிருக்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது.

"உன்ன நெறையத் திட்டுனாங்களா?"

"அரை மணி நேரம்."

"என்னென்ன சொன்னாங்க? மொதல்லேர்ந்து சொல்லுக்கா."

சொன்னேன். முதுகில் விழுந்ததிலிருந்து ஆரம்பித்தேன். பஸ்ஸுக்காரன், அப்பாவின் ரெண்டு ஷிப்ட், மகாராணி. அம்மா மாதிரியே குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். மகாராணிக்கு அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சோறு எப்படி இறங்கியது என்பதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். சூரமங்கலத்துப் பையனுக்கு வேறு ஏற்பாடு சொல்லிவிடுவதாக உள்ளே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். படியில் ஷர்மதாவைப் பார்த்து நின்றாள்.

"செய்யாதத செஞ்சேன்னு இனிமே சொல்லுவியா?"

ஷர்மதா தலையாட்டினாள், இல்லை என்று.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? திங்கக்கெழம ஏழரைக்கு வாசல்ல நிக்கணும். லேட்டா வந்த, விட்டுட்டுப் போயிருவேன்."

'ங்க' இல்லை. பாப்பா இல்லை. ஷர்மதாவின் முகத்தை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது, அவ்வளவு எழுதினால் போதும்.

என் வயிறு எரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் எரிந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, நல்லவேளை, அதை அவளிடம் சொல்லவில்லை என்று.

புதன்கிழமை புளியமரத்தடியில் அம்மா கடைசியாகச் சொன்னது. சொல்லும்போது என் காதைப் பிடித்திருந்தாள், அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. "என் வயித்துல பொறந்தவதானாடி நீ?" என்றாள்.

அந்த ஒரு திட்டு எனக்கு மட்டும்தான் விழ முடியும். எத்தனை தடவை கேட்டாலும் அதை அவளுக்குச் சொல்லமாட்டேன்.